சில்லறைத் திருட்டு நடக்கும் பகுதியில் வீட்டுக் காவல்: கதவு நிலையிலிருந்து துப்பாக்கிப் பெட்டகம் வரை

சைக்கிள், வாசலில் வைத்துவிட்டுப் போன பார்சல், கொட்டகையில் இருந்த டிரில் மெஷின், பூட்டாத காரில் கிடந்த பை. சில்லறைத் திருட்டு என்றால் பெரும்பாலும் இவைதான் போகும். நாலு வீட்டில் இப்படிப் போனதும், 'ஒரு துப்பாக்கி வாங்கி வைத்துவிடலாமா' என்ற பேச்சு எழுவது இயல்பு. அதற்கான பதிலை வேண்டுமென்றே கடைசியில் வைத்திருக்கிறோம். இந்த வகைத் திருடன் ஆள் இல்லாத நேரம் பார்த்து வருகிறவன். அந்த நேரத்தில் துப்பாக்கி வீட்டைக் காக்காது. வீடுதான் துப்பாக்கியையும் சேர்த்துக் காக்க வேண்டும். பூட்டும் கதவு நிலையும் சரியில்லாத வீட்டில் துப்பாக்கி இருந்தால், அது களவு போகக்கூடிய இன்னொரு பொருள், அவ்வளவே.

வெளியே நின்று பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் வீட்டை வெளியிலிருந்து இரண்டு முறை சுற்றி வாருங்கள். பகலில் ஒரு முறை, இருட்டிய பிறகு விளக்கெல்லாம் போட்டுவிட்டு ஒரு முறை. கையில் ஒரு தாளும் பேனாவும் போதும். சாவி தொலைந்துவிட்டால் எந்த வழியாக உள்ளே போவீர்கள்? மனதில் சட்டென்று வரும் அந்த வழிதான் திருடனுக்கும் வரும். சுவரோரம் சாத்தியிருக்கும் ஏணி, மாடி ஜன்னலுக்குக் கீழே நிற்கும் குப்பைத் தொட்டி, பின்கதவை மறைத்து வளர்ந்த செடி, மிதியடிக்கு அடியில் இருக்கும் மாற்றுச் சாவி என எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இரவுச் சுற்றில், உள்ளே இருக்கும் டிவியும் மேசைமேல் கிடக்கும் மடிக்கணினியும் தெருவிலிருந்து எவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். பாதிக் குறைகளுக்குக் காசே செலவாகாது. ஏணியைக் கிடையாகப் படுக்கவைத்துச் சங்கிலி போடுங்கள், செடியை இடுப்பளவுக்கு வெட்டுங்கள், திரையை இழுத்து மூடுங்கள், மாற்றுச் சாவியை நம்பகமான பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள்.

கதவு: நேரத்தைச் செலவிட வேண்டிய இடம்

உதைத்துத் திறக்கப்பட்ட கதவைப் பார்த்தால் பூட்டு பெரும்பாலும் முழுசாகவே இருக்கும். பிளந்திருப்பது நிலை, அதாவது கதவைச் சுற்றியுள்ள சட்டம். தாழ் போய் விழும் தகட்டை 20 மி.மீ. திருகு இரண்டு மட்டும் பிடித்திருக்கும். அவை நிலையின் மெல்லிய பலகையோடு நின்றுவிடும், சுவர்வரை போகாது. விலை உயர்ந்த பூட்டு வாங்கி அதே தகட்டில் மாட்டினால் பணம்தான் வீண். வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. தாழ் முழுசாக நீள்கிறதா என்று பாருங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பி, தாழ் எவ்வளவு வெளியே வருகிறது என்று அளவுகோலால் அளக்கவும். 25 மி.மீ. வந்தால் நல்லது. பிறகு தாழின் முனையில் சாக்பீஸைத் தேய்த்து, கதவைச் சாத்திப் பூட்டித் திறக்கவும். நிலையில் உள்ள குழியின் அடியில் வெள்ளை ஒட்டியிருந்தால் தாழ் பாதியிலேயே முட்டி நிற்கிறது என்று அர்த்தம். முழுசாக நீளாத தாழ் உள்ளுக்குள் இறுகிக்கொள்ளாது; தள்ளினால் பின்வாங்கும். உளியால் குழியை இன்னும் 5 மி.மீ. ஆழமாக்கி, சாக்பீஸ் சோதனையைத் திரும்பச் செய்யவும். வெள்ளை குழியின் ஓரத்தில் மட்டும் ஒட்டினால் கதவு தொய்ந்திருக்கிறது. குழியைப் பெரிதாக்குவதற்கு முன் மேல் கீலின் திருகுகளை முறுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

2. தகட்டின் திருகுகளை மாற்றுங்கள். சுவர் மரச்சட்டத்தால் ஆனது என்றால் 5 மி.மீ. தடிமனும் 75 மி.மீ. நீளமும் உள்ள திருகு வேண்டும். 3 மி.மீ. பிட்டால் முன்துளை போட்டுக்கொள்ளுங்கள். முன்துளை இல்லாமல் முறுக்கினால் பழைய நிலை நெடுக விரிசல் விடும். செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில் வெறும் திருகு பிடிக்காது. நிலையைத் துளைத்துச் சுவருக்குள் குறைந்தது 50 மி.மீ. இறங்கும் பிளக்குடன் (சுவர்த் துளையில் செருகும் உறை) கூடிய நீளத் திருகைப் பயன்படுத்தவும்.

3. முறுக்குவதற்கு முன் நிலைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் கேட்டால் உள்ளே வெற்றிடம். அங்கே மரச் சக்கை வைத்து அடைக்காமல் நீளத் திருகை இறுக்கினால் நிலை சுவர்ப்பக்கம் வளையும். கதவுக்கும் நிலைக்கும் இடையே சந்து அகலும். நெம்புகோல் நுழைய நாமே வழி செய்து கொடுத்ததாகிவிடும். வீட்டிலேயே இந்த வேலையைச் செய்பவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

4. கீல் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கீலிலும் நிலைப்பக்கத்துத் திருகு ஒன்றைக் கழற்றி 75 மி.மீ. திருகு போடவும். கதவு வெளிப்பக்கமாகத் திறந்தால் கீலின் ஊசி வெளியே தெரியும்; அதைத் தட்டிக் கழற்றிவிட்டால் பூட்டியிருந்தும் கதவு கையோடு வந்துவிடும். இதற்கு ஒரு பழைய வைத்தியம் இருக்கிறது. கீலின் இரு இதழ்களிலும் எதிரெதிராக இருக்கும் ஒரு ஜோடித் திருகுகளைக் கழற்றுங்கள். நிலைப்பக்கத் துளையில் தடித்த திருகு ஒன்றை ஏற்றி, 12 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது நிறுத்தி, தலையை ரம்பத்தால் அறுத்து, முனையை அரத்தால் மழுக்குங்கள். கதவுப்பக்கத் துளையை அந்த முனை நுழையும் அளவுக்குத் துளையிட்டுவிடுங்கள். கதவைச் சாத்தியதும் முனை உள்ளே போய் உட்காரும். ஊசியைக் கழற்றினாலும் கதவு நகராது.

5. சாவி நுழையும் உருளையைப் பாருங்கள். கதவின் இரு பக்கமும் சாவி போடும் நீள உருளை வகைப் பூட்டு என்றால், வெளித் தகட்டைத் தாண்டி அது 3 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டிய உருளையைக் குறடால் பிடித்து ஒடிப்பது ஒரு நிமிட வேலைகூட இல்லை. மாற்று உருளை வாங்கும் முன், நடுவில் இருக்கும் திருகுத் துளையின் மையத்திலிருந்து இரு முனைகளுக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். 30-க்கு 40 என்பதும் 35-க்கு 35 என்பதும் மொத்த நீளத்தில் ஒன்றுதான், கதவில் ஒன்றல்ல. ஒடிப்பைத் தாங்கும் வகை என்று குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள். கழற்றும்போது கதவின் விளிம்பில் உள்ள நீளத் திருகை எடுத்துவிட்டு, சாவியை நுழைத்து மெல்லத் திருப்பிக்கொண்டே இழுக்கவும். நடுவிலுள்ள நாக்கு உருளையோடு நேராகும் ஓர் இடத்தில்தான் அது வெளியே வரும். சுத்தியலை எடுக்க வேண்டாம்.

உள்பக்கமும் சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டில் ஓர் ஆபத்து உண்டு. கண்ணாடி பதித்த கதவுக்கு அது பொருத்தமாகத் தோன்றும், ஆனால் தீப்பிடித்தால் புகைக்கு நடுவே சாவி தேட நேரும். வைத்தே ஆக வேண்டும் என்றால், வீட்டில் ஆள் இருக்கும்போதெல்லாம் சாவி ஒரே ஆணியில் தொங்க வேண்டும். எல்லோருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து கைவிட்டால் எட்டக் கூடாது. கூடுமானவரை, உள்ளே கையால் திருப்பும் குமிழ் இருக்கும் பூட்டையும் உடைந்தாலும் சிதறாத அடுக்குக் கண்ணாடியையும் தேர்ந்தெடுப்பதே நல்லது.

ஜன்னலும் சறுக்குக் கதவும்

சறுக்குக் கதவின் பூட்டை உடைக்காமலே கதவைத் தூக்கிக் கழற்றிவிட முடியும். மூடிய நிலையில் கதவைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். தண்டவாளத்தை விட்டு எழும்புகிறது என்றால், மேல் தண்டவாளத்தில் இரண்டு மூன்று திருகுகளை ஏற்றி, கதவின் தலையை உரசாமல் 2 மி.மீ. இடைவெளியில் நிற்கும்படி தொங்கவிடுங்கள். கீழ்த் தண்டவாளத்தில் அளவாக அறுத்த ஒரு கட்டையைப் படுக்கவையுங்கள்; விரல்கடை அளவு குட்டையாக இருந்தாலும் நெம்ப இடம் கிடைக்கும். ஜன்னல்களில் தரைத்தளத்தில் இருப்பவையும், ஏறி நிற்க இடமுள்ளவையும் மட்டுமே முக்கியம். கம்பி போட்டிருந்தால் படுக்கையறை ஒன்றிலாவது உள்ளிருந்து திறக்கும் கம்பியாக வையுங்கள். காரணம் மேலே சொன்ன அதே தீதான்.

கொட்டகை, சைக்கிள், தொங்குபூட்டு

கொட்டகைக் கதவில் பெரும்பாலும் பூட்டை அறுப்பதில்லை. கொண்டியைப் பிடித்திருக்கும் நாலு திருகுகளைக் கழற்றிவிட்டு, பூட்டியபடியே தொங்கவிட்டுப் போவார்கள். கொண்டியை மடக்கிப் பூட்டியபின் ஒரு திருகுத் தலைகூட வெளியே தெரியக் கூடாது. திருகுக்குப் பதில், கதவைத் துளைத்து உள்ளே பெரிய வாஷரும் நட்டும் போட்டு முடுக்கும் உருண்டைத் தலை போல்ட் போடுங்கள். தொங்குபூட்டின் வளையம் எவ்வளவு குறைவாக வெளியே தெரிகிறதோ அவ்வளவு நல்லது. போல்ட் கட்டர் வாய்வைக்க இடமிருக்காது.

சைக்கிளுக்கு மெல்லிய கேபிள் பூட்டு போதவே போதாது. கம்பி வெட்டும் சிறிய குறடே அதை வெட்டிவிடும். யு வடிவப் பூட்டை பிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்து, பிடுங்க முடியாத கம்பத்தோடு போடுங்கள். வளையத்துக்குள் காலி இடம் இருக்கக் கூடாது, ஏனென்றால் அந்த இடத்தில்தான் நெம்புகோல் நுழையும்.

விளக்கும் கேமராவும்

ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் விளக்கைத் தரையிலிருந்து 2 முதல் 2.5 மீட்டர் உயரத்தில் மாட்டுங்கள். அதன் உணரி, நேராகத் தன்னை நோக்கி வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை எளிதில் உணரும். எனவே பாதையின் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்படி வைக்க வேண்டும். தெருவில் போகும் ஒவ்வொரு வண்டிக்கும் எரிந்தால் ஒரே வாரத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உணரியின் கண்ணாடியில் தெருப்பக்கத்தை மட்டும் கறுப்பு நாடாவால் மறைத்துவிடலாம்.

கேமராவை மாடி உயரத்தில் மாட்டினால் தொப்பியும் தோளும்தான் பதிவாகும். முகம் வேண்டுமென்றால் 2.5 மீட்டருக்கு மேல் போகாதீர்கள், வருகிறவர் கட்டாயம் கடக்கும் குறுகிய இடத்தைக் குறிவையுங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்தால், இரவில் அதன் அகச்சிவப்பு ஒளி கண்ணாடியிலேயே பட்டுத் திரும்பி, படம் வெள்ளையாக வெளுத்துவிடும். கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா, பழைய பதிவின்மேல் எத்தனை நாளில் புதியது எழுதப்படுகிறது என்று மாதம் ஒரு முறை பாருங்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் படத்தில் விழுந்தால் அந்தப் பகுதியை மென்பொருளில் மறைத்துவிடுங்கள்; பல இடங்களில் அது சட்டப்படியும் கட்டாயம். திருட்டை முதலில் பார்க்கப்போவது அநேகமாக உங்கள் கேமரா இல்லை, அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர்தான். அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கி வையுங்கள்.

எண்களைப் பதிந்து வைத்தல்

இதற்கு அரை மணி நேரம் போதும். மின்சாதனங்களின் வரிசை எண், சைக்கிளின் மிதி அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் பிரேம் எண், கைப்பேசியில் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண் ஆகியவற்றைப் படம் எடுத்து, வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் சேமியுங்கள். எண் இல்லாமல் கொடுத்த புகாரில் பொருள் பிடிபட்டாலும் உங்களுடையது என்று நிரூபிப்பது கடினம்.

இரவில் சத்தம் கேட்டால்

வீட்டுக்கு வெளியே, கொட்டகையிலோ காரிலோ சத்தம் என்றால் வெளியே போகாதீர்கள். வெளிவிளக்குகளைப் போட்டு, காவல்துறையை அழைத்து, 'போலீசுக்குச் சொல்லிவிட்டேன்' என்று சத்தமாகச் சொல்லுங்கள். அவன் ஓடிவிட்டால் நல்லதுதான். ஓடுகிறவனின் வழியை மறிக்க வேண்டாம். வழி அடைபட்டால் சைக்கிள் திருட வந்தவன்கூடக் கத்தியை எடுப்பான்.

உள்ளேயே ஆள் இருப்பதாகத் தோன்றினால் எல்லோரும் ஒரே அறைக்குப் போய்த் தாழிட வேண்டும். அதற்கு ஓர் அறையை முன்பே தீர்மானித்து, கதவுக்கு நல்ல தாழும், உள்ளே கைப்பேசி சார்ஜரும் டார்ச்சும் வையுங்கள். வீடு திரும்பும்போது கதவு திறந்தோ கண்ணாடி உடைந்தோ கிடந்தால் உள்ளே போகாமல் தள்ளி நின்று அழைக்கவும்.

இனி துப்பாக்கி

முதலில் சட்டம். உரிமம் யாருக்கு, எந்தக் காரணத்துக்கு என்பது நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் வீட்டுத் தற்காப்பு என்று காரணம் சொன்னால் உரிமம் கிடைக்காது. கிடைக்கும் நாடுகளிலும் பெரும்பாலான சட்டங்கள் உயிருக்கு வரும் ஆபத்தையும் பொருளுக்கு வரும் இழப்பையும் பிரித்தே பார்க்கின்றன. சைக்கிளோடு ஓடுபவனைச் சுட்டால் சிறைக்குப் போவது பெரும்பாலும் சுட்டவர்தான். எச்சரிக்கையாக வானத்தை நோக்கிச் சுடுவதும் கூடாது. மேலே போன தோட்டா எங்கோ ஒருவர்மேல் இறங்கலாம்.

அடுத்தது வீட்டில் இருப்பவர்கள். 2014-இல் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் என்ற மருத்துவ இதழில், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு வந்தது. துப்பாக்கி கைக்கெட்டும்படி இருப்பவர்கள் தற்கொலையால் சாகும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 3 மடங்கு, கொலையாகும் வாய்ப்பு சுமார் 2 மடங்கு என்று அது கணக்கிட்டது. மனச்சோர்வில் இருப்பவர், குடித்தால் நிதானம் இழப்பவர், நினைவு தடுமாறும் முதியவர், எதையும் திறந்து பார்க்கும் வயதுப் பிள்ளை என இவர்களில் ஒருவர் வீட்டில் இருந்தாலும் எங்கள் யோசனை, வாங்காதீர்கள் என்பதே. சைக்கிள் திருட்டுக்காக அந்த ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவருவது கணக்குக்கு ஒத்துவராது. இன்னொன்று, கைத்துப்பாக்கித் தோட்டா வீட்டின் உட்சுவர்களாக வைக்கும் ஜிப்சம் பலகைகளைப் பலவற்றைத் துளைத்துக்கொண்டு போகும். அந்தப் பக்கம் குழந்தைகளின் கட்டில் இருக்கலாம். இருட்டில் கேட்ட காலடி, தாமதமாக வீடு திரும்பிய மகனுடையதாகவும் இருக்கலாம்.

இவ்வளவுக்கும் பிறகு உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்கள், அல்லது வேட்டைக்கோ போட்டிக்கோ ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், அதைக் களவு போகாமலும் பிறர் கைக்குப் போகாமலும் வைக்க வேண்டிய முறை இது.

கையில் எடுத்ததும் தோட்டா இருக்கிறது என்றே எண்ணுங்கள். குழலைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லாத திசையில் திருப்பி, விரலை விசைக்கு வெளியே நேராக நீட்டி வைத்து, முதலில் மேகசினை (தோட்டாக்களை அடுக்கியிருக்கும் கூட்டை) கழற்றவும். அதன் பிறகே மேல்சறுக்கை (துப்பாக்கியின் மேல்புறம் முன்னும் பின்னும் நகரும் பாகத்தை) பின்னால் இழுத்துத் திறந்த நிலையில் நிறுத்தவும். வரிசையை மாற்றினால், தோட்டா அறையிலிருந்து (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) ஒரு தோட்டா வெளியே விழுந்த உடனே மேகசினிலிருந்து அடுத்தது ஏறிவிடும். 'காலி' என்று நம்பிய துப்பாக்கி வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தோட்டா அறையை வெளிச்சத்தில் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரல் நுனியால் தொட்டும் பாருங்கள். சுழல் துப்பாக்கியில் உருளையை வெளியே சாய்த்து ஒவ்வொரு துளையாக எண்ணிப் பாருங்கள்.

கேபிள் பூட்டு இருந்தால், மேல்சறுக்கு திறந்திருக்கும்போது சுட்டபின் காலி உறை வெளியே தெறிக்கும் பக்கவாய் வழியாக (குழல்முனை அல்ல) நுழைத்து, மேகசின் குழி வழியாகக் கீழே இழுத்துப் பூட்டவும். பூட்டியபின் மேகசினும் ஏறாது, சறுக்கும் மூடாது. விசையை மட்டும் மறைக்கும் பூட்டைத் தோட்டா ஏற்றிய துப்பாக்கியில் ஒருபோதும் மாட்டாதீர்கள். மாட்டும்போதே விசை அழுந்தக்கூடும். தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு பூட்டில் இருக்க வேண்டும்.

பெட்டகம் வாங்கினால் மட்டும் போதாது, தரையோடு பிணைக்க வேண்டும். 100 கிலோ பெட்டகத்தை இரண்டு பேர் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி, பின்னால் வேறோர் இடத்தில் சாவகாசமாகத் திறந்துகொள்வார்கள். இரண்டு சுவர் சேரும் மூலையில் வையுங்கள், நெம்ப இடமிருக்காது. அடியிலுள்ள துளைகள் வழியாகக் கான்கிரீட்டில் அடையாளமிட்டு, பெட்டகத்தை நகர்த்தித் துளை போட்டு, திரும்ப வைத்து, துளைக்கேற்ற 10 அல்லது 12 மி.மீ. விரிவு போல்ட்டுகளை (முடுக்கினால் துளைக்குள் விரிந்து பிடிப்பவை) நான்கு மூலைகளிலும் இறக்குங்கள். துளை போட்டதும் உள்ளே இருக்கும் தூளை ஊதி எடுக்காவிட்டால் போல்ட் பிடிமானம் இல்லாமல் சுழலும். தரைக்கு அடியில் தண்ணீர்க் குழாயோ சூடாக்கும் குழாயோ ஓடவில்லை என்று முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று. மாதம் ஒரு முறை மாற்றுங்கள் அல்லது உலர்த்துங்கள்.

மலிவான மின்னணுப் பெட்டிகளில் ஒரு குறை உண்டு. பூட்டைப் பிடித்திருப்பது சின்னச் சுருள்வில்லின்மேல் நிற்கும் ஓர் ஊசி. மூடியின்மேல் கையால் ஓங்கித் தட்டிக்கொண்டே குமிழைத் திருப்பினால் சில திறந்துவிடும். வாங்கிய அன்றே காலிப் பெட்டியில் இதைச் சோதித்து, திறந்தால் திருப்பிக் கொடுங்கள். ஆலையில் வைத்த எண்ணை மாற்றுங்கள், பிறந்த தேதி வேண்டாம். கூடவரும் அவசரச் சாவியை அதே அலமாரியில் வைத்தால் எண் பூட்டு எதற்கு? கைரேகைப் பூட்டு ஈரக் கையிலும் தீர்ந்த பேட்டரியிலும் காலைவாரும். தலையணைக்கு அடி, கார் டாஷ்போர்டு, துணி அடுக்கின் பின்பக்கம் ஆகிய மூன்று இடங்களும் திருடனுக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும்.

துப்பாக்கியின் வரிசை எண்ணும் உரிமத்தின் நகலும் பெட்டகத்துக்கு வெளியே இருக்கட்டும். களவு போனது தெரிந்தால் அன்றே புகார் கொடுக்க வேண்டும். தாமதித்த நாள்களில் அதை வைத்து நடந்ததற்கு விசாரணை முதலில் உங்களிடம்தான் வரும். வீட்டு நிலைமை மாறி, யாருக்காவது உடலோ மனமோ சரியில்லாமல் போனால், சட்டம் அனுமதிக்கும் வழியில் உரிமம் பெற்ற வணிகரிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து வைக்கலாம். தூக்கிக்கொண்டு நேரே போய் நிற்காமல், முதலில் தொலைபேசியில் கேட்டு, அவர்கள் சொல்லும் முறையில், தோட்டா நீக்கி, பூட்டிய பெட்டியில் கொண்டுபோங்கள்.